பெத்தேன்

ஆதாரில் பிலிப்பு.
காசிமேட்டில் அப்படிக் கேட்டால் யாருக்கும் தெரியாது.
பெத்தேன் வீடு என்று கேளுங்கள்,
ஏலக்காரன் ஏலத்தை நிறுத்திக் கை காட்டுவான்.

என் அப்பா சவரிராயன் காரைக்கால்காரர்.
மதராஸ் துறைமுகத்தில் மூட்டை எண்ணுகிற வேலை.
அதற்கு முன்னால் பிரெஞ்சுக்காரனுக்காக வெர்தன் போய்
குளிருக்கு இரண்டு விரல் கொடுத்தவர்.
அங்கே ஒரு தளபதி இருந்தானாம்.
"ஆளை மாத்தி மாத்தி அனுப்புவான்டா.
ஒரே பட்டாளத்தைக் குழியில அழுக விடமாட்டான்.
சூப்பு சூடா வரும்."
வீரத்தைப் பற்றி அப்பா வேறொன்றும் சொன்னதில்லை.

அந்தத் தளபதி மார்ஷலாகி
எண்பத்து நாலு வயதில் நாட்டைக் கையில் வாங்கிய வாரம்
நான் பிறந்தேன். நாற்பது, ஜூன்.
ஞானஸ்நானப் பதிவில் சாமியார்
பிலிப்பு என்று மட்டும் எழுதினார்
(அதுவும் அந்த மனுஷன் பேர்தான், சாமியாருக்குத் தெரியாது).
மீதியை அப்பா ஓரத்தில் பென்சிலால் எழுதினார்.
"நோவு எனக்கு. பெத்தேன்னு பேரு இதுக்கா?"
அம்மா சிரித்த சிரிப்பில் தையல் பிரிந்ததாம்.

அப்புறம் செய்தித்தாள்கள் வந்தன.
கிழவர் போரை நிறுத்தச் சொன்னார்.
நாட்டுக்கு என்னையே தருகிறேன் என்றார்.
ஐப்பசியில் ஒரு ரயிலடியில்
எதிரியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.
பிறகு ரயில்கள் புறப்பட்டன.
எந்தப் பிள்ளைகளை ஏற்றினார்கள்,
எங்கே இறக்கினார்கள் என்பது
அப்பாவுக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.
எதையும் எண்ணிவிடுகிற மனிதர்.
அந்தக் கணக்கை மட்டும் எண்ணவில்லை.

நாற்பத்தாறில் புதுச்சேரி பென்ஷன் ஆபீசில்
பிள்ளை பேரைக் கேட்டார்கள்.
சுவரில் வேறொரு தலைவரின் படம்.
"பிலிப்பு."
"முழுப் பேர்?"
"பிலிப்பு."
"கூப்பிடுகிற பேர் வேறு உண்டா?"
"இல்லீங்க."
மூன்று முறை.
நாங்கள் குடியிருப்பதோ இராயப்பர் பேரில் உள்ள ஊர்.
அப்பா திரும்பி வந்த விடியலில் கோழி கூவவில்லை,
கப்பல் ஒன்று ஊதியது.

ஐம்பத்தொன்றில் கிழவர் செத்தார்.
தூக்கு, வயதுக்காக ஆயுளாகக் குறைந்து,
ஒரு தீவில் அடைபட்டுக் கிடந்தாராம். தொண்ணூற்றைந்து.
அப்பா அன்று கஞ்சியைச் சூடாகக் கேட்டார்.
குடிக்கவில்லை.
ஆறும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

எனக்கும் ஒரு வெர்தன் உண்டு.
எழுபதுகளில் ஒரு வேலைநிறுத்தம்,
பதினேழு நாள் கிரேனை விட்டு இறங்கவில்லை.
கயிற்றில் சோறு ஏறியது.
இறங்கினபோது தோளில் தூக்கினார்கள்.
இன்னும் இறக்கிவிடவில்லை, அதுதான் கோளாறு.

நேற்று சபைச் செயலாளர் எட்வின் வந்தான்.
கூட ஒரு கம்பெனி ஆள், கையில் பாட்டில் தண்ணீர்.
கரையில் பாதியை யார்டுக்கு விடணுமாம்.
"நீ கையெழுத்துப் போட்டா
ஒருத்தனும் வாயத் தொறக்கமாட்டான், பெத்தேன்.
மீதிக் கரையாச்சும் மிஞ்சும்."

மீதிக் கரை.

எனக்கு எண்பத்து நாலு.
முட்டி வலிக்கிறது, மூத்திரம் அடங்குவதில்லை.
சண்டை என்றாலே மாடிப்படி ஞாபகம் வருகிறது.
இந்த வயதில் சமாதானம்
எவ்வளவு மெத்தென்ற சொல்!
உட்கார்ந்துவிட்டு,
ஊருக்காகத்தான் உட்கார்ந்தேன் என்று
நானே நம்பிவிடுவேன்.
அந்தக் கிழவரும் நம்பியிருப்பார்.

பேனா கனமான பேனா.
"எந்தப் பேர்ல போட?" என்றேன்.
ஆதார்ல உள்ளபடி சார், என்றான் கம்பெனி ஆள்.
அது அப்பா பயத்தில் சொன்ன பேர்.
மூடியைப் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

ஞாயிறு பூசை முடிஞ்சு வலைக்கூடத்துல கூட்டம் போடு எட்வின்.
வேணும்னா வேணும், வேணாம்னா வேணாம்,
ஊரே கையைத் தூக்கிச் சொல்லட்டும்.
அதுல என் கை ஒண்ணு.
தூக்கினா தோள்பட்டை பிடிச்சுக்கும், பரவாயில்ல.

பாட்டிலை மறந்துவிட்டுப் போனார்கள்.
மருமகளிடம் கஞ்சி கேட்டேன், சூடாக.
ஆறுவதற்குள் குடித்தேன்.
நாக்கு வெந்துபோனது.